ஸ்டேஷன் டி.வி.யில் திடீர் ஆபாச படம்: சாவி எத்தனை பேர் கையில்?

பீகார் மாநிலத் தலைநகர் பாட்னா. அங்குள்ள ரெயில் நிலையம். 2023-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 9.30 மணி.

பெண்களும் குழந்தைகளுமாக பயணிகள் ரெயிலுக்கு காத்து நின்றார்கள். தலைக்கு மேலே டி.வி. பெட்டிகளில் வழக்கம் போல விளம்பரம் ஓடிக் கொண்டிருந்தது.

திடீர் என்று விளம்பரம் மறைந்தது. அந்த இடத்தில் ஆபாச படம் ஓடத் தொடங்கியது!

ஒரு நொடி, இரண்டு நொடி அல்ல. சுமார் 3 நிமிட நேரம் அந்த அசிங்கம் ஓடியது. பிள்ளை குட்டிகளோடு வந்தவர்கள் கூசிப் போனார்கள்.

பயணிகள் புகார் செய்தார்கள். ரெயில்வே பாதுகாப்பு படையினர், விளம்பரம் ஓட்டும் தனியார் ஏஜென்சியை தொடர்பு கொண்டு படத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகுதான் திரை அடங்கியது.

ஏஜென்சி மீது வழக்கு பதிவானது. ஒப்பந்தம் ரத்து. அபராதம். கறுப்பு பட்டியலில் பெயர். எல்லாம் நடந்தது.

ஆனால் இந்த சம்பவத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

ஊரே பார்க்கும் திரையில் படம் போடும் அதிகாரம் எத்தனை பேருக்கு இருக்கலாம்? போடும் முன்பு இன்னொருவர் பார்க்க வேண்டாமா? தப்பான படம் ஓடினால், அந்த இடத்திலேயே வேலை பார்ப்பவர் அதை உடனே நிறுத்த முடிய வேண்டாமா?

இந்த 3 கேள்விகளும் பாட்னாவுக்கு மட்டும் அல்ல. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பாங்கி, ஜவுளிக்கடை, ஓட்டல் என்று டி.வி. பெட்டி தொங்கும் அத்தனை இடங்களுக்கும் பொருந்தும்.

முதல் தடவை அல்ல

பாட்னாவில் நடந்தது முதல் தடவை அல்ல.

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், டெல்லியில் ராஜீவ் சவுக் மெட்ரோ ரெயில் நிலையத்தில் விளம்பரத் திரையில் ஆபாச படம் ஓடியது. அதைப் பயணிகள் செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தத் திரை அப்போது முழுமையாக செயல்பாட்டுக்கு வரவில்லை. ஒரு தனியார் காண்டிராக்டர் அதைப் பரிசோதித்துக் கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அதே கூத்து நடந்தது. யூனியன் ஸ்டேஷனில், மாலை நேர நெரிசலில், பெரிய விளம்பரத் திரையில் ஆபாச படம் ஓடியது.

ஊர் வேறு, நாடு வேறு. கூத்து மட்டும் ஒன்றே. எப்படி?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பழைய காலத்தில் விளம்பரப் பலகை என்றால் சாயம், தூரிகை, ஏணி. பலகையில் எழுத்தை மாற்ற வேண்டுமானால் ஆள் ஏணி மேலே ஏற வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள்.

இப்போது ஏணி கிடையாது. ஒவ்வொரு டி.வி.க்குப் பின்னாலும் கையடக்கமான ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அது இன்டர்நெட் மூலம் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரோடு பேசிக் கொண்டே இருக்கும். எந்த படம், எத்தனை மணிக்கு, எந்த டி.வி.யில், எத்தனை நொடி என்ற பட்டியல் அந்த கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டியல் மாறினால் திரை மாறும்.

அந்தப் பட்டியலை மாற்றுவதற்கு ஒரு சாப்ட்வேர். அதற்குள் நுழைய ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொண்டே நூறு மைல் தூரத்தில் உள்ள டி.வி.யில் படம் போடலாம்.

இதில் தவறு இல்லை. வசதிதான். ஆனால் அந்த பாஸ்வேர்டு ஒரு சாவி. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரே சாவி, பத்து பேர்

ஒரு திரைக்கு எத்தனை பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள் பாருங்கள்.

இடத்துக்கு சொந்தக்காரர் ஒருவர். டி.வி. மாட்டிய காண்டிராக்டர் ஒருவர். விளம்பரம் பிடித்துத் தரும் ஏஜென்சி ஒன்று. படம் தயாரித்துக் கொடுக்கும் பையன் ஒருவன். பழுது பார்க்க வரும் மெக்கானிக் ஒருவர். இரவு ஷிப்டு ஆபரேட்டர் ஒருவர்.

இத்தனை பேருக்கும் வேலை நடக்க வேண்டும். என்ன செய்கிறார்கள்? சாப்ட்வேர் வாங்கிய அன்று கம்பெனிக்காரன் கொடுத்த முதல் கணக்கு இருக்கிறதே, அந்த ‘அட்மின்’ கணக்கு, அதன் பாஸ்வேர்டை எல்லாருக்கும் சொல்லி விடுகிறார்கள்.

“அந்த தம்பிகிட்ட கேளுங்க, அவருக்கு தெரியும்.”

“வாட்ஸ்அப்புல அனுப்பி இருக்கேன், பார்த்துக்கோ.”

“மானிட்டர் ஓரத்துல சீட்டு ஒட்டி இருக்கு பாரு.”

இப்படித்தான் சாவி கை மாறுகிறது. பத்து பேர் கையில் ஒரே சாவி. அதுவும் பீரோவின் ஒரு தட்டைத் திறக்கும் சாவி அல்ல. வீடு முழுவதையும் திறக்கும் சாவி.

மெக்கானிக்குக்கு டி.வி. எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்று தெரிந்தால் போதும். ஆனால் அவர் கையில் உள்ள சாவியால் எல்லா டி.வி.யிலும் படம் மாற்றலாம். புது ஆளைச் சேர்க்கலாம். முதலாளியையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம்!

திரையிலேயே தெரிந்த பாஸ்வேர்டு

சாவி எப்படி எல்லாம் வெளியே போகும் என்பதற்கு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்த சம்பவம் ஒன்றே போதும்.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, வெள்ளிக்கிழமை. தெற்கு ஜகார்த்தாவில் வாகனங்கள் போய் வரும் சாலையில் ஒரு ராட்சத விளம்பரத் திரை. பட்டப்பகலில் அதில் ஆபாச படம் ஓடியது. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

சில நாட்களில் 24 வயது வாலிபர் ஒருவரை போலீசார் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்.

இவர் எப்படி உள்ளே புகுந்தார்? பெரிய மந்திரம், தந்திரம் ஏதாவது செய்தாரா?

ஒன்றும் இல்லை. அந்த வழியாகப் போன போது, விளம்பரத் திரையிலேயே உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தன. அதை அவர் படம் பிடித்துக் கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் தட்டினார். கதவு திறந்து கொண்டது. இதுதான் போலீசார் சொன்ன தகவல்.

வீட்டைப் பூட்டி சாவியை வாசலில் ஆணி அடித்து மாட்டியது போல அல்லவா இருக்கிறது!

இன்னொரு ரகமும் உண்டு. 2009-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் சாலை வேலை எச்சரிக்கை பலகை ஒன்றில், “முன்னால் பிசாசுகள், ஜாக்கிரதை” என்ற பொருளில் எழுத்து ஓடியது. இறந்தவர்கள் எழுந்து நடமாடுவதாகக் காட்டும் சினிமாக்கள் அங்கே பிரபலம். அதை வைத்து யாரோ செய்த குறும்பு.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பலகை சிரிப்புக்காக வைத்தது அல்ல. சாலையில் பள்ளம் இருக்கிறது, ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வைத்தது. அந்த ரகப் பலகைகளில் தொழிற்சாலையில் போட்டுத் தரும் பாஸ்வேர்டை பலர் மாற்றுவதே இல்லை என்பது அப்போது அம்பலமானது.

வீட்டுக்குள்ளேயே ஆள்

“வெளியே இருந்து திருடன் வருவான், அவனைத் தடுத்தால் போதும்” என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

2024-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி. இங்கிலாந்தில் 19 ரெயில் நிலையங்களில் ஒரே நேரத்தில் ஒரு கலாட்டா. நிலையத்தின் இலவச வை-பையில் செல்போனை இணைத்தவர்களுக்கு, வழக்கமான வரவேற்புப் பக்கத்துக்கு பதில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சும் பயங்கரவாதத் தாக்குதல்கள் பற்றிய செய்தியும் வந்தன. லண்டன் யூஸ்டன், மான்செஸ்டர் பிக்கடிலி போன்ற பெரிய நிலையங்களும் இதில் அடக்கம்.

இது சுவரில் தொங்கும் டி.வி. அல்ல, பயணியின் செல்போன் திரை. ஆனால் பொது இடத்தில் ஆயிரம் பேர் பார்க்கும் பக்கத்தை மாற்றும் அதிகாரம் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

போலீசார் விசாரித்தார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. அதிகாரம் உள்ள ஒரு நிர்வாகியின் கணக்கில் இருந்தே அந்த மாற்றம் செய்யப்பட்டிருந்தது. சேவை கொடுத்த கம்பெனியின் ஊழியர் ஒருவர் மறுநாளே கைது செய்யப்பட்டார்.

எந்தக் கணக்கில் இருந்து மாற்றம் நடந்தது என்று தெரிந்ததால் விசாரணைக்கு ஒரு நுனி கிடைத்தது. ஆனால் அந்த மாற்றத்தை நடக்கும் முன்பு தடுக்க முடியவில்லை. ஒரே கணக்கில் இருந்து, இன்னொருவர் பார்வைக்குப் போகாமல், 19 நிலையங்களிலும் பக்கம் மாறி விட்டது.

யார் தலையில் விடியும்?

இந்த விஷயத்தில் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் கவனிக்க வேண்டிய இடம் இது.

நம் நாட்டு தகவல் தொழில்நுட்ப சட்டம் 67-வது பிரிவின்படி, கம்ப்யூட்டர் வழியாக ஆபாசத்தைப் பரப்பினால் முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை ஜெயில். 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரி, டி.வி.யில் அசிங்கம் ஓடி விட்டது. போலீஸ் வருகிறது. “யார் போட்டது?” என்று கேட்கிறது.

கம்ப்யூட்டருக்கு ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இருந்து நுழைந்தது, எந்தப் படத்தை மாற்றியது என்று அது எழுதி வைத்துக் கொள்ளும். இப்படிப்பட்ட பதிவேடுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரப் பாதுகாப்பு அமைப்பு 2022-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி உத்தரவு போட்டது. கம்ப்யூட்டருக்குள் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். என்ன இருக்கிறது?

‘அட்மின்.’ அதற்கு முந்தின வரி? ‘அட்மின்.’ அதற்கும் முந்தின வரி? ‘அட்மின்.’ 180 நாளும் ‘அட்மின்’தான்!

பத்து பேர் ஒரே பெயரில் நுழைந்தால் பதிவேடு வேறு என்ன சொல்லும்?

அப்புறம் நடப்பது தெரிந்ததுதான். பத்து பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு வக்கீல் இருப்பார். ஏஜென்சிக்கு ஆள் இருக்கும். அன்று ஷிப்டில் இருந்த மாதச் சம்பளப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

“நான் போடலை சார்” என்று அவன் சொல்லலாம். எப்படி நிரூபிப்பான்? அவன் பெயரில் தனிக் கணக்கு இருந்தால், அந்த நேரத்தில் அவன் கணக்கு உள்ளே நுழையவே இல்லை என்று பதிவேடே அவனுக்கு சாட்சி சொல்லும். கணக்கு இல்லாதவனுக்கு சாட்சியும் இல்லை.

ஆகவே தனிக் கணக்கு என்பது ஊழியரை வேவு பார்க்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். குற்றம் செய்யாதவனுக்கு அதுதான் கவசம்.

வேலையை விட்டுப் போனவர் கதையும் இதே போலத்தான். போகும் போது யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடையாள அட்டையைக் கொடுத்தார். கடைச் சாவியைக் கொடுத்தார். பாஸ்வேர்டை எப்படித் திருப்பிக் கொடுப்பார்? அது மண்டைக்குள் அல்லவா இருக்கிறது!

தனிக் கணக்கு இருந்தால் அவர் கணக்கை மட்டும் மூடினால் போதும். பொதுச் சாவி என்றால் பூட்டையே மாற்றி, மீதி ஒன்பது பேருக்கும் புதுச் சாவி சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அலுத்துக் கொண்டே பலர் பூட்டை மாற்றாமல் விட்டு விடுகிறார்கள்.

பாங்கி லாக்கர் பாடம்

இதற்கு வழி என்ன? புது விஞ்ஞானம் எதுவும் தேவை இல்லை. பாங்கி லாக்கரைப் பார்த்தால் போதும்.

லாக்கருக்கு 2 சாவி. ஒன்று பாங்கியிடம். ஒன்று நகைக்குச் சொந்தக்காரரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். தனித்தனியாக எந்த சாவிக்கும் மதிப்பு இல்லை. திறக்க வந்தவர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

விளம்பரத் திரை ஓட்டும் நல்ல சாப்ட்வேர்களில் இதே ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் அதை யாரும் தொடுவதே இல்லை. அதிகாரத்தை 4 பங்காகப் பிரிக்கலாம்:-

முதல் ஆள், படம் ஏற்றுபவர். படத்தைத் தயாரித்து சாப்ட்வேருக்குள் வைப்பதோடு இவர் வேலை முடிந்தது. திரைக்கு அனுப்ப இவரால் முடியாது.

இரண்டாவது ஆள், பார்த்து ஒப்புதல் கொடுப்பவர். இவர் முழுப் படத்தையும் பார்த்து ‘சரி’ என்று பித்தானை அழுத்தினால்தான் படம் திரைக்குப் போகும்.

மூன்றாவது ஆள், பெட்டியைப் பராமரிப்பவர். டி.வி. ஓடுகிறதா, இன்டர்நெட் வருகிறதா என்று பார்ப்பார். அணைத்துப் போடுவார். படத்தின் பக்கம் இவர் கை நீளாது.

நான்காவது ஆள், நிர்வாகி. ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, யாருக்கு எந்த அதிகாரம் என்று முடிவு செய்வது இவர் வேலை. தினசரி படம் மாற்றுவதற்கு இந்த நிர்வாகி கணக்கைத் தொடவே கூடாது. அதற்கு ஒருவருக்கு மேல் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் படுத்து விட்டால் மற்றவர் கவனிப்பார். கூட்டம் சேர்க்கக் கூடாது.

இதோடு எல்லையும் உண்டு. ஒரு கிளையின் மானேஜருக்கு அந்தக் கிளையின் டி.வி. மட்டும்தான் தெரிய வேண்டும். காண்டீன்காரருக்கு காண்டீன் டி.வி. மட்டும். அவர் பாஸ்வேர்டு திருட்டுப் போனாலும் இட்லி விலைதான் மாறும். ரெயில் நேரம் மாறாது.

விளம்பரம் வேறு, தகவல் வேறு என்று பிரிப்பதும் முக்கியம். பயணிகள் ரெயில் நேரம் பார்க்கும் திரையை விளம்பர ஏஜென்சி கையில் கொடுக்கக் கூடாது.

38 நிமிட நடுக்கம்

“ரொம்ப இறுக்கிக் கட்டினால் அவசரத்துக்கு எப்படி வேலை நடக்கும்?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் ஹவாய் தீவில் இருக்கிறது.

2018-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, சனிக்கிழமை. காலை 8 மணி 7 நிமிடம். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் மக்களின் செல்போன்கள் அலறின. “ஏவுகணை வருகிறது. உடனே பாதுகாப்பான இடத்துக்கு ஓடுங்கள். இது ஒத்திகை அல்ல” என்று எச்சரிக்கை வந்தது. டி.வி., ரேடியோவிலும் வந்தது.

ஜனங்கள் கதி கலங்கிப் போனார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். கடைசியாக ஒரு தடவை பேசி விடலாம் என்று உறவினர்களுக்குப் போன் செய்தார்கள்.

ஏவுகணை எதுவும் வரவில்லை!

அவசரகால நிர்வாக அலுவலகத்தில் ஷிப்டு மாறும் நேரம். ஒத்திகை நடந்தது. ஓர் ஊழியர் அதை நிஜம் என்று நினைத்து நிஜ எச்சரிக்கையை அனுப்பி விட்டார். ஒத்திகையும் நிஜமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருந்தன. “நிச்சயமாக அனுப்பலாமா?” என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவரே கேள்விக்கு அவரே ‘ஆம்’ என்று பதில் சொன்னார். இரண்டாவது ஆள் ஒப்புதல் தேவையாக இல்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கம்தான் இன்னும் கொடுமை.

தப்பு நடந்து விட்டது என்று சில நிமிடங்களிலேயே தெரிந்து விட்டது. ஆனால் “பயப்படாதீர்கள், தவறான செய்தி” என்று சொல்ல தயாராக ஒரு வாசகம் கம்ப்யூட்டரில் இல்லை. திருத்தம் அனுப்ப மத்திய அரசின் அனுமதி வேண்டுமோ என்று கேட்டுக் கொண்டு நின்றார்கள். உண்மையில் அந்த அனுமதி தேவையே இல்லை.

கவர்னர் டேவிட் இகேவுக்கு 8 மணி 9 நிமிடத்துக்கே தகவல் போய் விட்டது. அவர் ட்விட்டரில் சொன்னது 8 மணி 24 நிமிடத்துக்கு. ஏன் தாமதம் என்று பிறகு நிருபர்கள் கேட்டார்கள். தன் கணக்கின் பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது என்று அவரே ஒப்புக் கொண்டார்!

செல்போன்களுக்குத் திருத்தச் செய்தி போன போது மணி 8.45. இடையில் போனது 38 நிமிடம். நெடுஞ்சாலைகளில் உள்ள மின்சாரப் பலகைகளிலும் “ஏவுகணை எச்சரிக்கை தவறு, அபாயம் இல்லை” என்று போட்டார்கள்.

பிறகு பொத்தானை அழுத்திய ஊழியர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அலுவலகத்தின் தலைவர் ராஜினாமா செய்தார். இனி எச்சரிக்கை அனுப்ப 2 பேர் சம்மதம் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

ஏற்ற இரண்டு கை, இறக்க ஒரு கை

ஹவாய் கொடுத்த பாடம் இதுதான். திரையில் ஏற்றுவதற்கும் திரையில் இருந்து இறக்குவதற்கும் ஒரே விதி வைக்கக் கூடாது.

ஏற்றுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒருவர் வைக்க, ஒருவர் பார்க்க. கொஞ்சம் தாமதம் ஆனாலும் பரவாயில்லை. சோப்பு விளம்பரம் அரை மணி நேரம் கழித்து ஓடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இறக்குவதற்கு ஒரு கை போதும். அந்த இடத்தில் ட்யூட்டியில் உள்ள யாராக இருந்தாலும், மேலிடத்தைக் கேட்காமல், ஒரே பொத்தானில் திரையைக் காலி செய்ய முடிய வேண்டும். தவறாக இறக்கி விட்டாலும் என்ன கெட்டு விடும்? திரை கறுப்பாக இருக்கும். அவ்வளவுதானே.

பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. ஏற்றுவதற்கு யார் வேண்டுமானாலும் போகலாம். இறக்குவதற்கு ஆளைத் தேட வேண்டும்!

பாட்னாவிலும் போலீசார் ஏஜென்சிக்குச் சொல்லித்தான் படத்தை நிறுத்த வேண்டி இருந்தது.

2025-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி வாஷிங்டனில் அரசு அலுவலகம் ஒன்றிலும் இதே கதைதான். வீட்டு வசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகத்தில் உள்ள டி.வி.க்களில், ஜனாதிபதி டிரம்ப், கோடீசுவரர் எலான் மஸ்க்கின் காலை முத்தமிடுவது போன்ற போலி வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், ஒவ்வொரு மாடிக்கும் ஆள் அனுப்பி பிளக்கைப் பிடுங்கினார்கள் என்று செய்திகள் வெளியாயின.

வல்லரசு நாட்டின் தலைநகரத்தில், கடைசியில் கை கொடுத்தது பிளக் பாயிண்டுதான்!

கடைக்காரர்களுக்கு

“நம்ம கடையில இருக்கிறது 2 டி.வி. இதுக்கு போய் இத்தனை அமர்க்களமா?” என்று ஒரு கடைக்காரர் கேட்கலாம்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி தைவான் நாட்டில் கடைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அமெரிக்க பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி அங்கே வந்திருந்த நேரம். செவன்-இலெவன் கடைகளில், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய டி.வி.க்களில், “போர் வெறி பிடித்த பெலோசியே, வெளியேறு” என்ற பொருளில் வாசகம் வந்தது. ஒரு ரெயில் நிலையத் திரையிலும் அவரைத் திட்டும் வாசகம் ஓடியது.

கல்லாவில் நின்ற சிப்பந்திக்கு உலக அரசியலில் என்ன பங்கு? ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிந்தது அவர் முகமும், அவர் தலைக்கு மேலே அந்த வாசகமும்தான்.

ஆகவே சின்னக் கடையானாலும் செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு மாலைப் பொழுது வேலைதான்.

கம்பெனிக்காரன் முதலில் கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும். படம் மாற்றும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு போட வேண்டும். பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் நம்பரையும் கேட்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு விட வேண்டும்.

ஆள் வேலையை விட்டுப் போன அன்றே, கடைசிச் சம்பளம் கொடுக்கும் போதே, கணக்கை மூட வேண்டும். மாதம் ஒரு தடவை யார் யார் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்க வேண்டும். பழைய பெயர் இருந்தால் அடித்து விட வேண்டும்.

டி.வி.யின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் காட்டி வைக்க வேண்டும். அசிங்கமோ, வம்பு வாசகமோ வந்தால், “முதலாளி திட்டுவாரோ” என்று நிற்காமல் அணைக்கச் சொல்லி முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்க வேண்டும்.

பொது இடத்துக்கு டி.வி. ஒப்பந்தம் கொடுக்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். டெண்டரில் எத்தனை அங்குல திரை, எத்தனை ரூபாய் வாடகை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். யார் படம் போடலாம், யார் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஸ்டேஷன் அதிகாரி கையில் நிறுத்தும் பொத்தான் உண்டா என்று 3 வரி சேர்த்து எழுதினால் என்ன?

அபராதமும் கறுப்புப் பட்டியலும் படம் ஓடி முடிந்த பிறகு வருபவை. குழந்தைகள் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க எந்த அபராதத்தாலும் முடியாது.

சோப்பு விளம்பரம் ஓடும் அதே திரையில்தான் நாளைக்குப் புயல் எச்சரிக்கையும் ஓட வேண்டும். “எந்தப் பயலாவது போட்டிருப்பான்” என்று ஜனங்கள் அன்றைக்குச் சிரித்து விட்டுப் போனால், அதற்கு யார் பொறுப்பு?